இழுத்து மூடிய வீடு

ஊருக்குப் போகும்போது, ‘வீட்டை இழுத்து மூடிட்டு வந்துட்டேன்’ என்று நாம் ஒரு பேச்சுக்குச் சொல்வோம். நிஜமாகவே வீட்டை இழுத்து, மூடி, ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் அப்படி ஒரு வீட்டில் நான்கு நாள் குடியிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் அந்த வீடு உள்ளே வரமாட்டேன் என்றது. உள்ளே வராததால் மூட முடியவில்லை. மூட முடியாததால் ஓட்ட முடியவில்லை. அந்தக் கதைதான் இந்த வாரம்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர். மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் படித்தவர். படித்த கையோடு சாஃப்ட்வேருக்குத் தாவிவிட்டதால் கையில் கிரீஸ் ஒட்டாமலே தலை நரைத்தவர். இருப்பது அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களுக்குச் சீட்டுக் கிழித்த 2023 ஜனவரியில் அத்தானுக்கும் கிழிந்தது. கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் பெரும் பகுதியைக் கொண்டுபோய் ஒரு செகண்ட் ஹேண்ட் மோட்டார்ஹோம் வாங்கினார். 2006 மாடல். 32 அடி நீளம். 26,000 டாலர்.

இந்த விஷயம் அக்காவுக்கு எப்போது தெரிந்தது என்றால், வாசலில் வெளிச்சம் குறைந்து, என்னவென்று எட்டிப் பார்த்தபோது!

‘வேலை போனவன் பஸ் வாங்குவானாடா?’ என்று அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் போட்டு அழுதாள். எட்டு மாதம் அந்த வண்டி குடும்பத்தில் ஒரு சக்களத்தி மாதிரி இருந்தது. நடுவில் அத்தானுக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துவிட, வண்டியை விற்பது என்று முடிவானது. வாங்க ஒரு ரிடையர்ட் தம்பதி வந்தார்கள். 24,000 டாலருக்குப் பேசி, 500 அட்வான்ஸும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு கடைசி டிரிப் போவோம் என்று அத்தான் ஆசைப்பட்டார். நானும் அம்மாவும் போயிருந்த சமயம் அது. ஆக அத்தான், அக்கா, அவர்கள் பெண், அம்மா, அடியேன் என்று ஐந்து பேர். மதுரையிலிருந்து வந்த இட்லிப் பாத்திரத்தையும் சேர்த்தால் ஆறு.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். லாரி சைஸில் இருக்கும் இதைச் சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டலாம் என்பது எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது. உள்ளே கட்டில், சமையல் மேடை, ஃபிரிஜ், கக்கூஸ் சகலமும் உண்டு. ரோட்டில் போகிற வண்டியின் அகலம் எட்டரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். எட்டரை அடிக்குள் ஐந்து பேர் குடித்தனம் நடத்தினால் விவாகரத்தில்தான் முடியும். அதற்காகக் கண்டுபிடித்தது ஸ்லைடு அவுட். பீரோவிலிருந்து டிராயரை இழுப்பதுபோல, வண்டியின் பக்கவாட்டுச் சுவர் ஒன்று சோபா, சாப்பாட்டு மேஜை சகிதம் மூன்றடி வெளியே போய் நிற்கும். திடீரென்று ஒரு ஹால்! மோட்டார்ஹோம்களில் இதை 1990 வாக்கில் கொண்டு வந்தது இண்டியானா மாநிலத்து நியூமார் கம்பெனி. சிறிய வண்டிகளில் வெறும் மின்சார மோட்டாரே இந்த அறையைத் தள்ளும். கனமான அறையாக இருந்தால் எண்ணெய் தள்ளும். அதாவது ஹைட்ராலிக்.

ஹைட்ராலிக் என்றதும் பயப்பட வேண்டாம். சலூனில் கால் மிதியை நாலு தரம் அமுக்கி நம்மை நாற்காலியோடு உயர்த்துகிறார்களே, அதேதான். மூடிய குழாயில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லா மூலைக்கும் குறையாமல் போகும் என்று 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னார். சின்ன இடத்தில் லேசாக அமுக்கி, பெரிய இடத்தில் பலமாகத் தூக்கலாம். அதை வைத்து 1795-ல் பிரஸ் செய்து பேடன்ட் வாங்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜோசப் பிராமா. தொழிலால் பூட்டுக்காரர்.

எங்கள் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி ஒரு மோட்டாரைச் சுற்ற, மோட்டார் பம்ப்பைச் சுற்ற, பம்ப் டேங்கிலிருந்து சிவப்பு எண்ணெயை எடுத்து சிலிண்டருக்குள் அனுப்ப, சிலிண்டரின் தண்டு ஹாலைத் தள்ளும். உள்ளே இழுப்பதும் அதே பம்ப்தான். எண்ணெய் போகும் திசையை ஒரு வால்வு மாற்றிவிடும்.

போன இடம் பேஜ். அரிசோனாவின் வடக்கு எல்லையில், கிளென் கான்யன் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1957-ல் உண்டான ஊர். அணைக்குப் பின்னால் லேக் பவல். சிவப்புப் பாறை, நீலத் தண்ணீர், நடுவில் அம்மா போட்ட வெங்காய பஜ்ஜி என்று நான்கு நாள் சொர்க்கமாகப் போனது. அக்காவே, ‘வண்டி பரவாயில்லைதான், இல்ல?’ என்று ஒருதரம் சொல்லிவிட்டு, சொன்னது அத்தான் காதில் விழுந்துவிட்டதோ என்று சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணி. சாமான்களை எடுத்து வைத்தாகிவிட்டது. அத்தான் ஸ்லைடு ஸ்விட்சை அமுக்கினார்.

‘டிக்.’

அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார். மறுபடி ‘டிக்’. ஹால் ஹாயாக வெளியே நின்றது.

உங்கள் பைக்கில் செல்ஃப் பட்டனை அமுக்கும்போது எஞ்சின் சுற்றாமல் ‘டிக்’ என்று மட்டும் கேட்டு, ஆபீசுக்கு லேட்டான அனுபவம் இருந்தால் அத்தானின் முகம் உங்களுக்குப் புரியும். கூடவே 24,000 டாலரையும், எட்டு மாதம் பேசாமல் வைத்திருந்த பேச்சையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் மனைவியையும் சேர்த்துக்கொள்ளவும்.

‘பம்ப் போச்சு’ என்றார் அத்தான்.

‘எப்படி அத்தான் சொல்றீங்க?’

‘எனக்குத் தெரியும் மாப்ளே.’

நடமாடும் மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டார். பம்ப் மாற்றுவதென்றால் 1,400 டாலர், அதுவும் செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்று பதில் வந்தது. இங்கே பதினொரு மணிக்கு இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அதைத் தாண்டினால் சாயங்காலம் 6 மணிக்குள் ஃபீனிக்ஸ் போக முடியாது. 450 கிலோமீட்டர். இதில் ஒரு கூத்து, மணி என்ன என்பதிலேயே எங்களுக்குள் தகராறு. என் போன் 8.20 என்றது, அத்தான் போன் 9.20 என்றது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் வழக்கம் அரிசோனாவில் கிடையாது. பக்கத்து யூட்டாவில் உண்டு, ஒட்டி இருக்கும் நவஹோ பிரதேசத்திலும் உண்டு. போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த ஊர் மணியைக் காட்டும். அத்தானுக்கு வாழ்க்கையில் ஒரு மணி நேரம் லாபம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்து அத்தான் வண்டியின் வயிற்றுப் பக்கக் கதவைத் திறந்து எண்ணெய் டேங்கைப் பார்த்தார். ‘ஆகா! பாதிதான் இருக்கு. எங்கேயோ லீக்!’ என்று கண்டுபிடித்தார். அந்த அறையிலேயே பழைய முதலாளி விட்டுப் போன நான்கு பாட்டில் எண்ணெய் இருந்தது. ‘பார்த்தியா, அவனுக்கும் லீக் ஆகியிருக்கு. அதான் ஸ்டாக் வெச்சிருக்கான். சொல்லாம என் தலையில கட்டிட்டான் பாவி’ என்று இரண்டு பாட்டிலை உடைத்து ஊற்றினார். பாட்டில் ஒன்றுக்கு ஒரு குவார்ட். கிட்டத்தட்ட ஒரு லிட்டர். பெயரைப் பார்த்து நம் ஊர் குவார்ட்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்விட்ச்சை அமுக்கினார். ‘டிக்.’

லீக் எங்கே என்று குழாயைக் கையால் தடவிப் பார்க்கக் குனிந்தார். அப்போதுதான் பின்னாலிருந்து, ‘கையை எடு!’ என்று ஒரு அதட்டல்.

பக்கத்து வண்டிக்காரர். எழுபது வயது இருக்கும். கையில் காப்பிக் கோப்பை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவராம். நாங்கள் பஜ்ஜி கொடுத்தனுப்பியதிலிருந்து பழக்கம். அந்தக் குழாய்களில் பம்ப் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் இருக்கும், ஊசி முனை ஓட்டை இருந்தால்கூட எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு, லீக் தேடுவதென்றால் ஓர் அட்டையைப் பிடித்துப் பார்க்கவேண்டும், கையை அல்ல என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், அத்தான் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி: ‘ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா?’

அத்தானுக்கு முகம் சிவந்தது. ‘நான் எஞ்சினீயர் சார்.’

‘அது சரி. போட்டிருக்கா?’

போட்டிருந்தது. ஓடும் வண்டியில் ஹால் வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காக, ஹேண்ட் பிரேக் போட்டால்தான் ஸ்லைடுக்கு மின்சாரமே போகும்படி பல வண்டிகளில் வைத்திருப்பார்களாம். இதை மறந்துவிட்டு மெக்கானிக்கை வரவழைத்துத் தண்டம் அழுதவர்கள் ஏராளமாம்.

இரண்டாவது கேள்வி: ‘வண்டி சமமா நிக்குதா? மேலே, கீழே, ஓரத்துல ஏதாவது சிக்கியிருக்கா?’

சமமாகத்தான் நின்றது. கூரை மேல் இலை இல்லை. அறையின் அடியில் மருமகளின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஆனால் அது சும்மா கிடந்தது, சிக்கவில்லை.

அத்தான் இந்தக் கேள்விகளையெல்லாம் அவமானமாக எடுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அந்தப் பெரியவரைப் பார்க்கப் பார்க்க, நான் ஆர்டிகிள்ஷிப்பில் இருந்தபோது வாய்த்த சீனியர் ஆடிட்டரைப் பார்ப்பதுபோல் இருந்தது. (சி.ஏ. முடித்தேனா என்று கேட்காதீர்கள். முடித்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.) ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் நாங்கள் எடுத்தவுடன், ‘சார், கேஷியர் கையாடல்!’ என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘முதல்ல டோட்டலை மறுபடி போடு’ என்பார். அதன்பின் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். இருந்தால் பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருப்போம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் 54-ஐ 45 என்று எழுதியிருப்போம். கையாடல் கடைசியில்தான். நான் பார்த்த வரையில் ஒருதரம்கூடக் கையாடல் இல்லை, எல்லாம் எங்கள் கூட்டல்தான்.

அத்தான் கையாடலில் ஆரம்பித்திருந்தார்.

‘இதை உள்ளே கொண்டுபோக வேற வழியே இல்லையா?’ என்று கேட்டேன்.

‘இருக்கே’ என்றார் பெரியவர். இந்த மாதிரி பம்ப்புகள் பலவற்றில், மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் ஒரு முனை தெரியும். வால்வைக் கையால் திருப்பி வைத்துவிட்டு, அந்த முனையில் பேட்டரி டிரில்லை மாட்டிச் சுற்றினால் ஹால் மெள்ள உள்ளே வந்துவிடும். அவரிடமே டிரில் இருந்தது.

அத்தான் முகத்தில் முதல் தடவையாக ரத்த ஓட்டம். ‘அப்புறம் என்ன! சுத்துங்க!’

‘சுத்தி உள்ளே கொண்டுபோயிடலாம். ஆறு மணிக்கு அவங்க வந்து, வெளியே எடுத்துக் காட்டுங்கன்னா?’ என்றாள் அக்கா, ஜன்னல் வழியாக.

ரத்தம் வந்த வழியே திரும்பிப் போனது.

பெரியவர் தன் வண்டியிலிருந்து ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு வந்தார். வோல்ட் பார்க்கும் சின்னப் பெட்டி, சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர். ‘டிக் சத்தம் வருதே, அது நல்ல சேதி’ என்றார். ஸ்விட்ச் வேலை செய்கிறது. ஸ்விட்ச் சொன்னதைக் கேட்டு, மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சாலினாய்டும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறது. அப்படியானால் பணம் எங்கேயோ வழியில் நிற்கிறது. (பணம் என்றது நான். அவர் கரன்ட் என்றார்.)

பேட்டரியில் வைத்துப் பார்த்தார். 12.6. ‘பேட்டரி ஃபுல். அப்போ பம்ப்தான்’ என்றார் அத்தான், ஒருவித சோக திருப்தியோடு.

‘சும்மா இருக்கும்போது எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான்’ என்றார் பெரியவர். ‘ஸ்விட்சை அமுக்கிக்கிட்டே இரு. வேலை குடுத்துப் பார்க்கணும்.’

வருட முடிவில் மட்டும் பாங்க் பாலன்ஸை ஏற்றிக் காட்டும் பார்ட்டிகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், இது எனக்கு உடனே பிடிபட்டது. அத்தான் உள்ளே போய் ஸ்விட்சை அமுக்க, பெரியவர் ஒயரை வைக்க, நான் பஜ்ஜி சுற்றி வந்த பேப்பரில் எழுதினேன். ஸ்விட்ச் அமுக்கும்போது பேட்டரியில் 12.4. அதிகம் இறங்கவில்லை. ஆக பேட்டரி தேவலை. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் 4.2.

பன்னிரண்டு அனுப்பினால் நான்குதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மோட்டார் பாவம், நான்கு வோல்ட்டில் எப்படிச் சுற்றும்? பாக்கி எட்டு எங்கே?

‘போற வழியில பார்க்கலாமா, வர்ற வழியில பார்க்கலாமா?’ என்றார் பெரியவர். மின்சாரம் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது. மோட்டாரிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டும். போகிற வழியில் வைத்துப் பார்த்தார், ஏறக்குறைய பூஜ்யம். நஷ்டமில்லை. திரும்பும் வழியில், மோட்டார் உடம்பில் ஒரு முனையும் பேட்டரி நெகடிவ்வில் ஒரு முனையும் வைத்தார். அரை வோல்ட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

8.2.

‘நாலு புள்ளி ரெண்டும் எட்டு புள்ளி ரெண்டும் பன்னிரண்டு புள்ளி நாலு!’ என்று கத்திவிட்டேன். ‘டேலி ஆயிடுச்சு!’

பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகும் சுகம் பஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியாது. பேசியோலி என்கிற இத்தாலியப் பாதிரியார் 1494-ல் இரட்டைப் பதிவு முறையை அச்சில் கொண்டு வந்தார். பற்றும் வரவும் சமமாக வேண்டும் என்றார். கிர்ச்சாஃப் என்கிற ஜெர்மன்காரர் 1845-ல் கிட்டத்தட்ட அதையே வோல்ட்டுக்குச் சொன்னார், ஒரு சுற்றில் கொடுத்த வோல்ட்டும் செலவான வோல்ட்டும் சரியாகப் போகவேண்டும் என்று. பி.காமில் இதைச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் ஃபிசிக்ஸ் படித்த பெண்களிடம் அன்றைக்கே பேச விஷயம் இருந்திருக்கும்.

அத்தான் வண்டிக்கு அடியில் படுத்தார். மோட்டாரின் எர்த் ஒயர் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த இடம், நம் ஊர் உப்பளத்துத் தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, சுற்றிலும் துரு. வண்டி முதலில் ஓடியது பனி கொட்டும் வடக்கு மாநிலம் ஒன்றில். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனி உருக உப்புப் போடுவார்கள். அது அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் நிதானமாக வேலை பார்த்திருக்கிறது.

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, போல்ட்டை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து (அம்மாவின் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் களத்தில் இறங்கியது), இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு திருப்பி இறுக்க அரைமணி ஆனது. செலவு, கம்பி நார் ஒன்று.

‘ஒரு நிமிஷம்’ என்றார் பெரியவர், அத்தான் ஸ்விட்சுக்குப் பாய்வதற்குள். ‘டேங்க்ல எண்ணெய் ஊத்தினீங்களா?’

‘ரெண்டு பாட்டில். குறைஞ்சிருந்துது.’

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். ‘டேங்குக்குக் கீழே ஏதாவது பெரிய பாத்திரம் வைங்க. வழியும்.’

விஷயம் இதுதான். ஹால் வெளியே நிற்கும்போது எண்ணெயில் ஒரு பங்கு சிலிண்டர்களுக்குள் இருக்கும். டேங்கில் குறைச்சலாகத்தான் தெரியும். ஹால் உள்ளே வந்தால் எல்லாம் டேங்குக்குத் திரும்பிவிடும். அதனால் எல்லாம் உள்ளே இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால் சண்ட்ரி டெட்டார்ஸ். வசூலாக வேண்டிய பாக்கியை மறந்துவிட்டு, கல்லாவில் பணமில்லை என்று வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் அத்தான். பழைய முதலாளியும் இதையேதான் செய்திருக்க வேண்டும். நான்கு பாட்டில் ஸ்டாக்கின் ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய பாத்திரம் என்று வண்டியில் இருந்தது ஒன்றுதான்.

‘இட்லிப் பாத்திரத்தையா!’ என்று அம்மா போட்ட கூச்சலில் லேக் பவலில் ஒரு படகு திரும்பிப் பார்த்தது.

ஸ்விட்ச். ‘டிக்’... அதையடுத்து ‘ர்ர்ர்ர்’ என்று ஒரு முனகல். எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு சுருதியை நான் கேட்டதில்லை. ஹால் சோபாவோடு, மேஜையோடு, அலுங்காமல் உள்ளே வந்தது. கடைசி அரையடியில் டேங்க் மூடி வழியாகச் சிவப்பு எண்ணெய் பொங்கி இட்லிப் பாத்திரத்தில் விழுந்தது. அளந்து பார்த்தோம். ஒன்றே முக்கால் பாட்டில். குறிக்கு மேலே நின்றதை உறிஞ்சி எடுத்தது கால் பாட்டில். ஊற்றிய இரண்டும் சொட்டுக் குறையாமல் திரும்பி வந்துவிட்டது. லீக்கே இல்லை.

என் போனில் மணி 10.50. பெரியவருக்கு நன்றி சொல்லி, அம்மா தந்த மிச்சம் முறுக்கையெல்லாம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும். முடியவில்லை. கிளம்பும்போது அத்தான் ஒரு கட்டையை எடுத்து, ஹால் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தார். நான்கு நாளாக அதைப் பார்த்திருக்கிறேன், கேட்கவில்லை. ‘இது எதுக்கு அத்தான்?’ என்றேன்.

‘அது சும்மா.’

‘சும்மா இல்லடா’ என்றாள் அக்கா. ‘என் மாப் குச்சி அது. வாங்கின மாசமே அறுத்துட்டார். இல்லேன்னா ஓடறப்போ ஹால் விரக்கடை விரக்கடையா வெளியே வருது.’

எண்ணெயைப் பிடித்து நிறுத்த வேண்டிய வால்வோ, சிலிண்டருக்குள் இருக்கும் சீலோ தேய்ந்திருந்தால் இப்படி ஆகும். எண்ணெய் வெளியே சொட்டாது, உள்ளுக்குள்ளேயே நழுவும். டேங்க் அளவு குறையாது. எங்கள் அருமையான கணக்கில் அகப்படாத சரக்கு! வால்வாக இருந்தால் சின்னச் செலவு. சிலிண்டர் என்றால் பெருஞ்செலவு.

‘வாங்கறவங்ககிட்ட இதைச் சொல்லியாச்சா?’

அத்தான் ரோட்டைப் பார்த்தார். ஃபிளாக்ஸ்டாஃப் வரும்வரை ரோட்டையே பார்த்தார். அப்புறம் கேட்டார். ‘உங்க சட்டத்துல ஏதோ இருக்குமே மாப்ளே, வாங்கறவன்தான் பார்த்து வாங்கணும்னு?’

இருக்கிறது. நம் ஊர் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16. ‘கேவியட் எம்ப்டார்’ என்று லத்தீனில் எழுதி ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதற்கு விதிவிலக்குகளும் உண்டு என்று எழுதி இன்னொரு ஐந்து. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

‘நமக்கு வித்தவன் சொல்லலையேன்னு எட்டு மாசமா தினம் திட்டிட்டிருக்கீங்களே... அந்த அம்மா நம்மளை எத்தனை மாசம் திட்டும்?’

அதற்குப் பிறகு ஃபீனிக்ஸ் வரை யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் நடுவில் ஒருதரம், இட்லிப் பாத்திரத்தை எத்தனை தரம் தேய்த்தால் எண்ணெய் வாடை போகும் என்று கேட்டாள்.

டாண் என்று ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அத்தான் ஸ்விட்சை அமுக்கினார், ஹால் வெளியே போனது. அமுக்கினார், உள்ளே வந்தது. அந்த ஆள் தலையை ஆட்டி, செக் புத்தகத்தை எடுத்தார். அப்போது அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உள்ளே போய் மாப் குச்சியை எடுத்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஓடும்போது நழுவுவதை, பூத்துப்போன எர்த் ஒயரை, தான் எண்ணெய் ஊற்றிய லட்சணத்தை, இட்லிப் பாத்திரத்தை. கடைசி ஐட்டத்தை அவர்களுக்குப் புரியவைக்க நேரமாயிற்று.

அந்த ஆள் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். கால்மணி நேரம். வெளியே வந்து மனைவியோடு தனியாகப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, ‘900 குறைச்சுக்கலாமா?’ என்றார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா சரி என்பதுபோல் தலையசைத்தாள். எட்டு மாதத்தில் வண்டி விஷயமாக அவரைக் கேட்காமலே அவள் ஒப்புக்கொண்ட முதல் செலவு அது.

செக்கைக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, அந்த ஆள் குச்சியைக் காட்டி, ‘இது வண்டியோடு சேர்த்தியா?’ என்று கேட்டார்.

‘எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க’ என்றாள் அக்கா தமிழில். ‘அறுத்த மிச்சம் மாப்போட தலைப் பக்கம் கராஜ்ல கிடக்கு. அதையும் வேணும்னா குடுத்துடலாம்.’